மெல்போர்னில் முதல் நான்கு வாரம்: எதில் அவசரம், எதில் நிதானம்

படிக்க வரும் பிள்ளைகளிடம் வருடா வருடம் நான் பார்ப்பது இதுதான். உடனே முடிக்க வேண்டிய காரியம் கிடப்பில் கிடக்கும், பொறுத்துச் செய்ய வேண்டிய காரியத்தில் வந்த மூன்றாம் நாளே கையெழுத்துப் போட்டிருப்பார்கள். தங்கும் முகவரியைப் பல்கலைக்கழகத்திடம் சொல்ல 7 நாள்தான் அவகாசம், அது யாருக்கும் நினைவில் இருக்காது. ஆனால் நேரில் பார்க்காத வீட்டுக்கு ஒரு வருட ஒப்பந்தம் போட்டு, நான்கு வாரப் பணத்தையும் அனுப்பியிருப்பார்கள். அதனால் எதை ஓடிப்போய்ச் செய்ய வேண்டும், எதில் கொஞ்சம் பொறுக்க வேண்டும் என்று பிரித்து எழுதுகிறேன். நான் எழுதுவது மெல்போர்னை வைத்து, அதிலும் நம் பிள்ளைகள் நிறையப் பேர் வந்து சேரும் கிளேட்டன் பக்கத்தை வைத்து. விசா, வரி, வேலை விதிகள் நாடு முழுக்க ஒன்றுதான். வீட்டு வாடகைச் சட்டமும் பஸ், ரயில் கட்டணமும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

பெட்டி கட்டும்போதே

அம்மா கட்டித் தரும் அரிசி, துவரம்பருப்பு, சீரகம், மல்லி விதை, காய்ந்த மிளகாய் எல்லாவற்றையும் வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். கப்ரா வண்டு என்ற தானியப் பூச்சிக்குப் பயந்து, இவற்றைப் பயணிகள் பெட்டியில் கொண்டுவரவே இங்கே தடை இருக்கிறது. பச்சைக் கறிவேப்பிலை, பழம், விதைக்கும் விதைகள், பால்கோவா மாதிரியான பால் இனிப்புகளும் வேண்டாம். கிளேட்டனிலும் டான்டினாங்கிலும் இந்திய, இலங்கைக் கடைகள் வரிசையாக இருக்கின்றன, இட்லி அரிசியிலிருந்து மாசிக்கருவாடு வரை கிடைக்கும். வறுத்து அரைத்த பொடி, ஊறுகாய் என்று எதைக் கொண்டுவந்தாலும் கடைப் பாக்கெட்டோடு கொண்டுவந்து, வருகை அட்டையில் உணவுப் பொருளுக்கு நேரே ‘ஆம்’ என்று குறியுங்கள். ‘ஆம்’ என்று குறித்துக் காட்டினால் அதிகபட்சம் அந்தப் பொருளை எடுத்துக் குப்பையில் போடுவார்கள். ‘இல்லை’ என்று குறித்து மாட்டினால் ஆயிரக்கணக்கான டாலர் அபராதம், விசாவே ரத்தாகும் வாய்ப்பும் உண்டு. சந்தேகம் வந்தால் ‘ஆம்’ தான்.

தொடர்ந்து சாப்பிடும் மருந்து இருந்தால் மூன்று மாதத்துக்கானதை டாக்டர் சீட்டோடு கொண்டுவரலாம். பல் வலி, கண்ணாடி பவர் இரண்டையும் ஊரிலேயே பார்த்து முடித்துவிடுங்கள், ஏனென்றால் மாணவர்களுக்கான மருத்துவக் காப்பீடான ஓஎஸ்எச்சியில் இவை பொதுவாகச் சேராது, இங்கே பல் டாக்டர் செலவு கண்ணைக் கட்டும். பிரஷர் குக்கர் கட்டாயம் எடுத்து வாருங்கள். மின்சாரம் நம் ஊர் மாதிரி 230 வோல்ட் தான், பிளக் மட்டும்தான் வேறு, அதனால் நம் ஊர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்றும் அதற்கு ஒரே ஒரு அடாப்டரும் போதும்.

ஜூலையில் வந்தால் இங்கே நடுக்குளிர். இரவில் 6, 7 டிகிரிக்கு இறங்கும், பகலில் 14 ஐத் தாண்டுவதே பெரிது. ஆனால் உறைய வைப்பது வெளிக்குளிரைவிட வீட்டுக்குள் இருக்கும் குளிர்தான், பல பழைய வீடுகளில் சுவருக்குள் குளிரைத் தடுக்கும் காப்பே இருக்காது. ஊரில் விலை உயர்ந்த ஜாக்கெட் வாங்குவதற்குப் பதில் வரும்போது ஒன்று போட்டு வந்து, மீதியை இங்கே கேமார்ட் என்ற மலிவுக் கடையில் பார்த்துக்கொள்ளுங்கள், மின்சாரப் போர்வை உட்பட.

இறங்கிய நாள்

மெல்போர்ன் விமான நிலையத்துக்கு ரயில் கிடையாது. நகர மையத்தில் இருக்கும் சவுதர்ன் கிராஸ் நிலையம் வரை ஸ்கைபஸ் போகும். பல பல்கலைக்கழகங்கள் முதல் முறை வரும் வெளிநாட்டு மாணவர்களை இலவசமாக அழைத்துப்போக வண்டி அனுப்புகின்றன, ஆனால் சில நாட்களுக்கு முன்பே பதிவு செய்திருக்க வேண்டும். இரண்டு பெட்டியோடு வருகிறவர் இதை விடவே கூடாது.

பஸ், டிராம், ரயில் எல்லாவற்றுக்கும் மைக்கி அட்டை. நகர மையத்தில் ஒரு குறிப்பிட்ட பகுதிக்குள் மட்டும் டிராம் இலவசம், எல்லை வந்ததும் டிராமிலேயே அறிவிப்பார்கள். மாணவர் என்பதாலேயே சலுகை மைக்கி கிடைத்துவிடும் என்று நினைக்காதீர்கள். உள்ளூர் மாணவருக்கு இருக்கும் அதே சலுகை வெளிநாட்டு மாணவருக்குப் பொதுவாக இல்லை, தகுதி இல்லாமல் சலுகை அட்டையில் போய்ப் பரிசோதகரிடம் மாட்டினால் அபராதம். உங்களுக்கு என்ன பொருந்தும் என்று பல்கலைக்கழக மாணவர் சேவை மேசையில் கேட்டுவிட்டு வாங்குங்கள். மோனாஷ் பல்கலைக்கழகத்தின் கிளேட்டன் வளாகத்துக்குப் போகிறவர்கள் கிளேட்டன் ரயில் நிலையத்தில் இறங்கி நடக்க வேண்டாம், அதற்கு முந்தைய ஹன்டிங்டேல் நிலையத்தில் இறங்கினால் 601 பஸ் நேரே வளாகத்துக்குப் போகும். வகுப்பு நாட்களில் அடிக்கடி ஓடும்.

முதல் ஏழு நாள்: இங்கேதான் அவசரம் வேண்டும்

முதலில் சிம். டெல்ஸ்ட்ரா, ஆப்டஸ், வோடஃபோன் மூன்றும்தான் சொந்த வலையமைப்பு வைத்திருப்பவை, மற்றவை எல்லாம் இவற்றின் மேல் ஓடும் மலிவுத் திட்டங்கள். மாணவருக்கு மலிவுத் திட்டமே போதும். இதில் புதிதாக ஒரு சிக்கல் இருக்கிறது. 2024 கடைசியில் இங்கே 3ஜி முழுவதும் மூடப்பட்டது. அவசர எண்ணான 000 க்கு 4ஜி வழியாக அழைக்க முடியாத கைபேசிகளை நிறுவனங்கள் வலையமைப்பிலிருந்தே தடுத்துவிடுகின்றன. வெளிநாட்டில் வாங்கிய சில மாடல்கள் இதில் அடிபடுகின்றன, கைபேசி புதிதாகவே இருந்தாலும். அதனால் ஊரில் புதுப் போன் வாங்கிக்கொண்டு வருவதற்கு முன் அந்த மாடல் ஆஸ்திரேலியாவில் வேலை செய்யுமா என்று பாருங்கள்.

அடுத்தது முகவரி. மாணவர் விசாவின் நிபந்தனைப்படி, வந்து 7 நாளுக்குள் நீங்கள் தங்கும் முகவரியைக் கல்வி நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும், பின்னால் மாறினாலும் 7 நாளுக்குள். மாணவர் இணையதளத்தில் உள்ளே போய் மாற்றினால் முடிந்தது, ஐந்து நிமிட வேலை. தற்காலிகமாக ஒரு நண்பர் வீட்டில் இருந்தாலும் அதையே போடுங்கள். அப்படியே ஓஎஸ்எச்சி நிறுவனத்தின் செயலியை இறக்கி, அட்டை எண் வருகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

வங்கிக் கணக்கைப் பல வங்கிகளில் ஊரிலிருந்தே தொடங்கலாம், இங்கே வந்து கிளைக்குப் பாஸ்போர்ட்டோடு போனால் திறந்துவிடுவார்கள். வந்த ஆறு வாரத்துக்குள் போனால் பெரும்பாலும் பாஸ்போர்ட் ஒன்றே போதும். அதற்கு மேல் போனால் ஒவ்வொரு அடையாளச் சான்றுக்கும் புள்ளி போட்டு 100 சேர்க்கும் கணக்கு வரும், அந்த அட்டை கொண்டா, இந்தக் கடிதம் கொண்டா என்று அலைச்சல். மாதக் கட்டணம் இல்லாத மாணவர் கணக்கு கேளுங்கள்.

வரி எண், இங்கே எல்லோரும் டிஎஃப்என் என்பார்கள், வரித்துறையின் இணையதளத்தில் இலவசமாக விண்ணப்பிக்கலாம். நாட்டுக்குள் வந்த பிறகுதான் முடியும். ‘நான் எடுத்துத் தருகிறேன், 80 டாலர் கொடு’ என்று கேட்பவர்களுக்குக் கொடுக்காதீர்கள். எண் தபாலில் வரும், 28 நாள் வரை ஆகலாம், அதனால் கடிதம் பத்திரமாகக் கைக்கு வரும் முகவரியைக் கொடுங்கள். எண் இல்லாமல் வேலைக்குச் சேர்ந்து அதைத் தராமலே விட்டால் சம்பளத்தில் 47 சதவீதம் வரை பிடிப்பார்கள். டிஎஃப்என்னை வேலை கொடுப்பவர், வங்கி, வரித்துறை தவிர வேறு யாருக்கும் சொல்ல வேண்டிய தேவை பெரும்பாலும் வராது. வீட்டுக்காரர் கேட்டால் தராதீர்கள்.

வீடு: இங்கே நிதானம்

ஊரிலிருந்து புறப்படும்போதே இரண்டு, மூன்று வாரத்துக்கு மட்டும் ஓரிடம் பார்த்து வாருங்கள். மாணவர் விடுதியோ, தெரிந்தவர் வீட்டு அறையோ, எதுவானாலும் சரி. நீண்டகால வீட்டை இங்கே வந்து, நேரில் பார்த்து, வகுப்பு அட்டவணை கையில் வந்த பிறகு முடிவு செய்யுங்கள். ‘நான் இப்போது வெளிநாட்டில் இருக்கிறேன், பணம் அனுப்பினால் சாவியைக் கூரியரில் அனுப்புகிறேன்’ என்று ஒருவர் எழுதினால் அங்கேயே பேச்சை நிறுத்துங்கள். இந்த ஒரு வரியில் முதல் மாதப் பணம் முழுவதையும் இழந்த பிள்ளைகள் உண்டு.

வாடகையை இங்கே வாரக் கணக்கில் சொல்வார்கள். வாரம் 250 டாலர் என்றால் மாதம் 1,000 என்று நாம் மனக்கணக்குப் போடுவோம், அது தப்பு. 250 ஐ 52 ஆல் பெருக்கி 12 ஆல் வகுத்தால் 1,083 வரும். அதற்கு மேல் மின்சாரம், எரிவாயு, இணையம் சேர்ந்ததா இல்லையா என்று கேளுங்கள். குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் வீட்டில் இந்தக் கேள்விக்கு விலை அதிகம்.

முன்பணத்தை இங்கே பாண்ட் என்பார்கள். வார வாடகை 900 டாலர் வரை உள்ள வீட்டுக்கு, மெல்போர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில் ஒரு மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. அந்தப் பணம் வீட்டுக்காரர் பையில் இருக்கக் கூடாது, ஆர்டிபிஏ என்ற மாநில அமைப்பில் 10 வேலை நாளுக்குள் கட்டியாக வேண்டும். கட்டியதும் அங்கிருந்து உங்களுக்கே தகவல் வரும். வரவில்லையா, கூச்சப்படாமல் கேளுங்கள். நம் ஊர்க்காரர் வீடு, எப்படிக் கேட்பது என்று பலர் விட்டுவிடுகிறார்கள், காலி செய்யும்போது அந்தப் பணத்துக்காகவே உறவு முறிகிறது.

குடிபோகும் நாளில் காண்டிஷன் ரிப்போர்ட் என்று ஒரு தாள் தருவார்கள். வீடு எந்த நிலையில் இருக்கிறது என்று அவர்கள் எழுதியிருப்பார்கள், நீங்கள் பார்த்துத் திருத்தி 5 வேலை நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். இதைச் சும்மா கையெழுத்துப் போட்டுக் கொடுக்காதீர்கள். பெட்டியைப் பிரிப்பதற்கு முன் கைபேசியை எடுத்து சமையலறை ஓவனின் உட்புறம், கார்ப்பெட்டில் இருக்கும் கறை, குளியலறை ஓடுகளின் இடுக்கில் இருக்கும் பூஞ்சை, ஜன்னல் வலையில் கிழிசல், சுவரில் ஆணி அடித்த ஓட்டை எல்லாவற்றையும் படம் எடுங்கள், எடுத்ததை அன்றே ஏஜென்டுக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள். ஒரு வருடம் கழித்து அந்தக் கறைக்கு உங்கள் பாண்டில் கைவைக்க வரும்போது அந்த மின்னஞ்சல்தான் பேசும்.

கட்டில், மெத்தை, மேசைக்கு ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸும் சால்வோஸ், வின்னீஸ் மாதிரியான பழைய பொருள் கடைகளும் போதும். ஜூன், டிசம்பர் கடைசியில் படிப்பு முடித்துப் போகும் மாணவர்கள் பாதிக்குப் பாதி விலையில் தள்ளுவார்கள், சில நேரம் சும்மாவே கொடுப்பார்கள்.

சமையலில் ஒன்றே ஒன்று சொல்ல வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்பில் தாளிக்கும்போது மிளகாய் புகைந்து அறைக்குள் இருக்கும் புகை அலாரம் கத்தினால் முதலில் அடுப்பை அணையுங்கள், ஜன்னலைத் திறங்கள், புகைபோக்கி விசிறியைப் போடுங்கள். வாசல் கதவை மட்டும் திறக்காதீர்கள். பதற்றத்தில் எல்லோரும் செய்வது அதுதான், புகை நடைபாதைக்குப் போனால் கட்டடத்தின் பொது அலாரம் அடிக்கும், தீயணைப்பு வண்டி வந்துவிடும், அந்தச் செலவு பல கட்டடங்களில் அடுப்பு மூட்டியவர் தலையில்தான் விழும். விசிறியைப் போட்ட பிறகே எண்ணெய் ஊற்றுவது என்று பழகிக்கொள்ளுங்கள்.

வேலை: பொறுங்கள், ஆனால் விதிகளை இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்

படிப்பு தொடங்கும் நாளுக்கு முன் வேலை செய்ய விசா அனுமதிக்காது. தொடங்கிய பிறகு, வகுப்பு நடக்கும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம். 2023 ஜூலையிலிருந்து இந்தக் கணக்கு. விடுமுறையில் வரம்பு இல்லை. ஆராய்ச்சி முதுகலை, முனைவர் பட்டம் செய்கிறவர்களுக்குப் படிப்பு தொடங்கிய பின் வரம்பே இல்லை.

இந்த 48 ஐப் பலர் தப்பாக எண்ணுகிறார்கள். திங்கட்கிழமை தொடங்கும் எந்தப் பதினான்கு நாளை எடுத்தாலும் 48 ஐத் தாண்டக் கூடாது. முதல் வாரம் 15 மணி, இரண்டாம் வாரம் 33, கூட்டினால் 48, சரி. மூன்றாம் வாரம் 20 மணி செய்தால்? முதல் இரண்டு வாரம் தப்பித்தாலும் இரண்டாம், மூன்றாம் வாரத்தைச் சேர்த்தால் 53 ஆகிறது, மீறியாகிவிட்டது. கூடுதல் ஷிப்ட் தருகிறேன் என்று முதலாளி அன்பாகக் கேட்டாலும் போன வாரக் கணக்கைப் பார்த்துவிட்டுத் தலையாட்டுங்கள்.

சம்பளம். 2025 ஜூலை முதல் நாட்டின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 24.95 டாலர். கேஷுவலாக, அதாவது நிரந்தரம் இல்லாமல் வேலை செய்கிறவருக்கு 25 சதவீதம் கூட்டி 31.19. ஒவ்வொரு ஜூலையிலும் இது மாறும், 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் குறைவாக இருக்கலாம். கடை, உணவகம் போன்ற துறைகளுக்குத் தனி அட்டவணையே இருக்கிறது. இது தெரியாமல் மணிக்கு 15 டாலருக்கு, ரசீது இல்லாமல், கையில் காசாக வாங்கிக்கொண்டு மாவு ஆட்டுகிற பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. அதிலும் கொடுப்பவர் நம் மொழிக்காரர் என்றால் இன்னும். சம்பளம் தந்த ஒரு வேலை நாளுக்குள் பேஸ்லிப் என்ற சம்பளச் சீட்டு தர வேண்டும் என்பது சட்டம். ‘புகார் கொடுத்தால் உன் விசாவை ரத்து செய்துவிடுவேன்’ என்று மிரட்டினால் நம்பாதீர்கள், விசாவை ரத்து செய்யும் அதிகாரம் எந்த முதலாளிக்கும் கிடையாது. வேலை, சம்பள விதிகளைக் கவனிக்கும் ஃபேர் வொர்க் என்ற அரசு அலுவலகத்துக்கு 13 13 94 இல் அழைக்கலாம். ஆங்கிலத்தில் பேசத் தயக்கம் என்றால் 131 450 க்கு அழைத்துத் தமிழ் என்று சொன்னால் மொழிபெயர்ப்பாளரோடு இணைப்பார்கள்.

முதலாளி உங்கள் பெயரில் ஓய்வூதிய நிதியும் கட்ட வேண்டும். சூப்பர் என்பார்கள், இப்போது 12 சதவீதம். படித்து முடித்து நாட்டை விட்டு ஒரேயடியாகப் போகும்போது வரி போக மீதியை எடுத்துக்கொள்ளலாம், அதனால் எந்த நிதியில் சேர்த்தார்கள் என்று எழுதி வையுங்கள்.

முதல் மாதச் செலவுக்குக் கையில் பணத்தோடு வாருங்கள் என்று நான் அழுத்திச் சொல்வது இதற்காகத்தான். பணம் இல்லாதவர்தான் முதலில் கிடைத்த 15 டாலர் வேலையில் விழுகிறார்.

உடம்பு, மனசு, கைபேசியில் வரும் மிரட்டல்

காய்ச்சல், வயிற்றுவலிக்கு மருத்துவமனைக்கு ஓடாதீர்கள், ஜிபி என்ற குடும்ப டாக்டரிடம் நேரம் வாங்கிப் போக வேண்டும். வளாகத்துக்குள்ளேயே மருத்துவ நிலையம் இருக்கும். ‘ஓஎஸ்எச்சிக்கு நேரடியாகப் பில் போடுவீர்களா’ என்று நேரம் வாங்கும்போதே கேளுங்கள், இல்லையென்றால் முதலில் கட்டிவிட்டுச் செயலியில் ரசீதைப் போட்டு வாங்க வேண்டும், முழுத்தொகையும் திரும்ப வராமல் போகலாம். விக்டோரியாவில் இரவோ பகலோ 1300 60 60 24 க்கு அழைத்தால் ஒரு நர்ஸ் பேசுவார், டாக்டரிடம் போக வேண்டுமா காத்திருக்கலாமா என்று சொல்வார். உயிர் ஆபத்து என்றால் 000.

இரண்டாம், மூன்றாம் வாரத்தில்தான் மனசு அடைக்கும். முதல் வாரப் பரபரப்பு ஓய்ந்திருக்கும், வகுப்பில் இன்னும் யாரும் பழகியிருக்க மாட்டார்கள். ஊரோடு பேசும் நேரமும் இடிக்கும், வழக்கமாக நாலரை மணி வித்தியாசம், அக்டோபர் முதல் ஏப்ரல் தொடக்கம் வரை ஐந்தரை. பல்கலைக்கழகத்தில் இலவச ஆலோசகர் இருக்கிறார், அவரிடம் பேசுவது உங்கள் மதிப்பெண் பதிவில் எங்கும் வராது. தாங்க முடியாத இரவு என்றால் மனநெருக்கடிக்கான உதவி எண் லைஃப்லைன் 13 11 14. கேரம் டவுன்ஸில் சிவா விஷ்ணு கோவிலும் சன்ஷைன் பக்கம் முருகன் கோவிலும் இருக்கின்றன. சாமி கும்பிடாதவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் வரலாம், காது நிறையத் தமிழ் கேட்கும்.

கடலுக்குப் போனால் சிவப்பும் மஞ்சளும் கலந்த இரண்டு கொடிகளுக்கு நடுவில் மட்டும் இறங்குங்கள். கொடி இல்லாத கரையில் அலை அமைதியாகத் தெரியும் இடத்தில்தான் உள்ளிழுக்கும் நீரோட்டம் இருக்கும்.

வரித்துறை, குடிவரவுத் துறை, தூதரகம் என்று சொல்லி ‘உன்மேல் வாரன்ட் இருக்கிறது, உடனே பணம் கட்டு, யாரிடமும் சொல்லாதே’ என்று ஒருவன் அழைப்பான். எந்த அரசு அலுவலகமும் கிஃப்ட் கார்டில் பணம் கேட்காது. போனை வையுங்கள், பதில் பேசவே வேண்டாம்.

வகுப்பு: எல்லாவற்றிலும் பெரிய அவசரம்

ஓரியன்டேஷன் என்ற அறிமுக வாரத்தைச் சுற்றுலா என்று நினைத்துத் தவறவிடுகிறவர்கள்தான் நான்காம் வாரத்தில் திணறுவார்கள். முதல் செமஸ்டர் பிப்ரவரி கடைசி, மார்ச் தொடக்கத்திலும், இரண்டாவது ஜூலை கடைசியிலும் தொடங்கும். முழுநேர மாணவர் என்றால் ஒரு செமஸ்டருக்கு வழக்கமாக நான்கு யூனிட், அதாவது நான்கு பாடம். மோனாஷ் கணக்கில் ஒரு யூனிட்டுக்கு வாரம் 12 மணி நேரம், நான்குக்கு 48. வகுப்பில் உட்காரும் நேரம் இதில் கொஞ்சம்தான், மீதி நீங்களே படிக்க வேண்டியது.

ஒவ்வொரு யூனிட்டுக்கும் அதன் பாடக் குறிப்பைத் திறந்து எல்லா அசைன்மென்ட் தேதிகளையும் ஒரே நாட்காட்டியில் முதல் வாரமே எழுதுங்கள். டுட்டோரியல் என்ற சிறு வகுப்பில் பேசாமல் உட்கார்ந்தால் பணிவு என்று யாரும் நினைக்க மாட்டார்கள், படித்துவிட்டு வரவில்லை என்றுதான் நினைப்பார்கள். பேராசிரியரைப் பெயர் சொல்லி அழைப்பதே வழக்கம், நான்கைந்து நாள் கூச்சமாக இருக்கும், அப்புறம் பழகிவிடும். மதிப்பெண்ணைப் பார்த்துப் பதற வேண்டாம், மோனாஷில் 50 தேர்ச்சி, 70 டிஸ்டிங்ஷன், 80 உச்ச நிலை. ஊரில் 95 வாங்கியவர் இங்கே 68 பார்த்து அழுவதுண்டு, அது நல்ல மதிப்பெண்தான்.

அசைன்மென்டைக் காசுக்கு எழுதித் தருகிறோம் என்று வாட்ஸ்அப்பில் செய்தி வரும். தொடவே தொடாதீர்கள். அப்படி விற்பது இங்கே 2020 இலிருந்து குற்றம், வாங்கிய மாணவரையே பின்னால் ‘பல்கலைக்கழகத்தில் சொல்லிவிடுவேன்’ என்று மிரட்டிப் பணம் பறிக்கிற கூட்டமும் உண்டு. முடியாத நிலை வந்தால் நோய், குடும்ப இழப்பு போன்ற காரணங்களுக்குக் காலநீட்டிப்பு கேட்க முறையான வழி இருக்கிறது, கெடுத் தேதிக்கு முன் கேட்டால் வேலை சுலபம்.

கடைசியாக, நாட்காட்டியில் சிவப்பில் வட்டமிட வேண்டிய நாள் சென்சஸ் டேட். செமஸ்டர் தொடங்கி ஏறக்குறைய நான்காம் வாரக் கடைசியில் வரும், சரியான தேதி உங்கள் பல்கலைக்கழக இணையதளத்தில் இருக்கும். அதற்கு முன் ஒரு யூனிட்டிலிருந்து விலகினால் பொதுவாகக் கட்டணமும் மதிப்பெண் பதிவும் உங்களைத் தொடராது, தாண்டிவிட்டால் கட்டணம் கட்டியே ஆக வேண்டும். ஆனால் வெளிநாட்டு மாணவர் தானாக யூனிட்டைக் குறைத்துக்கொள்ளக் கூடாது. சேர்க்கை உறுதிச் சான்றில் இருக்கும் காலத்துக்குள் படிப்பை முடிக்க வேண்டும், விசா அதை நம்பித்தான் நிற்கிறது. ஒரு பாடம் கைமீறிப் போகிறது என்று தோன்றினால் சென்சஸ் டேட்டுக்கு ஒரு வாரம் முன்பாகவே வெளிநாட்டு மாணவர் ஆலோசகரிடம் நேரம் வாங்குங்கள், அந்த வாரம் அவர்கள் மேசை முன்னால் வரிசை நீளமாக இருக்கும்.